சாயத் தொட்டியில் முக்கி எடுத்த கோழி

என் தையல் பெட்டியில் ஊசிக்கும் பித்தான்களுக்கும் நடுவே ஓர் இரும்பு முனை கிடக்கிறது. விசைத்தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடா என்ற மரக்கட்டையின் நுனியில் இருப்பது. தேய்ந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் மட்டும் நாற்பது வருடமாக வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், "கோழி அடையில வச்சது" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டின் முன்பக்கம் தறிகள், பின்பக்கம் நூலுக்குச் சாயம் போடும் தொட்டிகள், அவற்றைச் சுற்றி மேயும் அத்தையின் கோழிகள். கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டதே குறைவு. ஆறு மாதத்தில் எங்களுக்குள் பத்துப் பேச்சு இருந்தால் அதிகம். பத்தாவது படித்த திமிர் என்னிடம் இருப்பதாக அவள் நினைத்தாள். இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கும் நேரம், அத்தை தன் மகளின் பிரசவத்துக்காகக் குருவிகுளம் கிளம்பினார். அந்தச் சமயம் பார்த்து வெள்ளைக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கூடையில் ஒரு முட்டையும் கிடையாது. ஆனாலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வந்தது. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. "ஏட்டி, மழைல குஞ்சு தங்காது. நான் வாரதுக்குள்ள அதோட அவயத்தத் தெளிய வச்சிரு. பிள்ள பெத்தவளுக்கு முட்ட வேணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அடைகாப்பதை அவயம் என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு.

அத்தை என்னை நம்பி விட்டுப்போன முதல் வேலை அது. எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட கோழியை வயிறு நனையத் தண்ணீரில் முக்குவார்கள். சூடு தணிந்தால் எழுந்துவிடும். கிணற்றில் இறைக்கச் சோம்பல்பட்டு, சாயம் போட்ட நூலை அலசிய தொட்டியிலேயே முக்கினேன். தண்ணீர் சிவப்பாக இருந்தது தெரியும். கோழிக்கு என்ன வந்தது என்று நினைத்து நன்றாகவே அமுக்கிப் பிடித்தேன்.

தூக்கியபோது வெள்ளைக்கோழி ரோஸ் கலரில் இருந்தது. கீழே விட்டதும் மற்ற கோழிகளுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. எல்லாமாகச் சேர்ந்து துரத்தித் துரத்திக் கொத்தின. கொண்டையிலிருந்து ரத்தம் வந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் பயனில்லை. எங்கள் வீட்டுச் சாயம் போகாது என்று ஆண்கள் அடித்துக்கொண்ட பெருமை உண்மைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அது செத்தால் அந்த வீட்டில் என் பேச்சுக்கு இனி மதிப்பில்லை.

அப்போதுதான் அக்கா வந்தாள். கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அழுவாத. கூட்டத்துல விட்டாத்தான கொத்தும்? அவயத்துலயே வச்சிருவோம். தனியா இருக்கும். குஞ்சோட எந்திரிச்சா ஒண்ணும் கிட்ட அண்டாது" என்றாள். தவிட்டுப் பானையிலிருந்து ஒன்பது முட்டைகளை எடுத்து வந்தாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கருப்புக்கோழியின் முட்டைகள். தன் மகனுக்குக் கொடுக்கச் சேர்த்தவை. கூடையில் மணலைப் பரப்பி முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல், இந்த இரும்பு முனை மூன்றையும் வைத்தாள். இடி இடித்தால் முட்டைக்குள் கரு கலங்கிவிடாமல் இருக்க அது காவலாம். படித்தவளான நான் உள்ளுக்குள் சிரித்தேன். மறுவாரம் இடி இடித்தபோது, இரும்பு இருக்கிறதா என்று மூன்று தடவை ஓடிப்போய்ப் பார்த்ததும் நான்தான்.

நான்காம் நாள் அத்தை திரும்பி வந்து கூடையைத் திறந்தார். "இது என்ன கூத்துட்டீ?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நாந்தான் அத்தை முக்குனேன். அவயத்துல வச்சதும் நாந்தான்" என்று முன்னால் வந்து நின்றாள். "ஒம்பது வருசமா இந்த வீட்டுல இருக்க, ஒனக்கு இதுகூடவா தெரியாது?" என்று ஆரம்பித்த ஏச்சு இரண்டு நாள் ஓயவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நூல் அலசினாள். நான் தூண் மறைவில் நின்றேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சுகள் பொரித்தன, இரண்டு கூமுட்டை. ரோஸ் கலர் தாய், பின்னால் ஏழு குஞ்சுகளோடு வெளியே வந்து, தன்னைக் கொத்திய கோழிகளை எல்லாம் தெரு வரைக்கும் விரட்டியது. அத்தைகூடச் சிரித்துவிட்டார். அந்தக் கூடையைச் சுத்தம் செய்யும்போதுதான் இரும்பு முனையை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் பேசி முடியாத பேச்சு.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை காலமாகிவிட்டார். தொட்டிகள் இருந்த இடத்தில் இப்போது வாடகைக்கு விட்ட அறை. அக்காவுக்கு முழங்கால் வலி. காப்பி குடிக்கும்போது, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அன்னைக்கி ஏங்க்கா பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"நான் வந்த புதுசுல ஒரு அண்டா சாயத்தக் கொட்டிட்டேன்" என்றாள். "வீடே நின்னு ஏசிச்சு. எம் பக்கத்துல வந்து நிக்க ஒரு ஆளு இல்ல. நீயும் அப்படித் தனியா நிக்கண்டாம்னு தோணிச்சு."

எங்கள் குடும்பங்களில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. நான் அன்று சொன்னேன். "போட்டீ" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தையல் பெட்டியைத் திறந்து அந்த இரும்பைக் கையில் எடுத்தேன். இனி யாராவது கேட்டால் கோழிக்கு வைத்தது என்று சொல்லமாட்டேன். அக்கா எனக்காக வைத்தது என்பேன்.