வெள்ளை வாய்த்தட்டு

காந்தம் இரும்பைக் கண்டுகொண்டால் முதலில் கைக்குத்தான் தெரியும். பலகையின்மேல் வழுக்கிக்கொண்டு போகிற கை ஓரிடத்தில் யாரோ மெல்லப் பிடித்து இழுத்ததுபோல நிற்கும், பிறகுதான் "டக்" என்ற அந்தச் சின்னச் சத்தம் வரும். பழைய வானொலிப்பெட்டி ஒன்றின் ஸ்பீக்கரிலிருந்து அப்பா கழற்றித் தந்த, வடையளவு வட்டக் காந்தம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் கொட்டிலுக்குள் போய், அன்றைக்கு அரிய வைத்திருக்கும் பலகைகளில் அதை ஓட்டிப் பார்ப்பது என்னுடைய வேலையாக இருந்தது. கை இழுபட்ட இடத்தில் வெண்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். அப்பா உளி வைத்துக் கிண்டுவார். உள்ளே பெரும்பாலும் போரில் வெடித்துச் சிதறிக் கறுத்துப்போன செல்துண்டு இருக்கும், சிலவேளை துப்பாக்கிச் சன்னம் இருக்கும். எங்கள் பக்கத்து மரங்களை இப்படிப் பார்க்காமல் எந்தத் தச்சரும் வாளில் வைக்கமாட்டார், ஏனென்றால் ஓர் அரிசியளவு இரும்பு போதும், வாளின் பல் பறந்துவிடும்.

போர் முடிந்து நாங்கள் இரணைமடுப் பக்கம் திரும்பி வந்து குடியேறி இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம். எங்கும் வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, கதவுக்கும் யன்னலுக்கும் அப்பாவுக்கு ஓயாத வேலை. வவுனியாவில் பழையதாக வாங்கி லொறியில் ஏற்றி வந்த மேசை வாள் ஒன்று கொட்டிலின் நடுவில் நின்றது. மேசைக்குக் கீழே மோட்டர், மேசையின் நடுவில் ஓர் இரும்புத் தட்டு, அந்தத் தட்டில் உள்ள நீளத் துவாரத்தால் வட்ட வாள் மேலே எழும்பி வரும். கைபிடியைச் சுற்றினால் வாள் உயரும், மறுபக்கம் சுற்றினால் பதியும். அந்தத் துவாரத்தை நாங்கள் "வாய்" என்போம். வாள் மெல்லியது, வாய் அகலம். அம்மாவின் சின்னவிரல் அதற்குள் தாராளமாகப் போகும். அப்படிப் போகும் என்பதை, கரண்ட் இல்லாத நேரத்தில், அம்மா தானே விட்டுப் பார்த்து உறுதிப்படுத்தியிருந்தார்.

கதவு நிலைகள் அரியும்வரை அந்த வாயால் பெரிய தொல்லை இல்லை. மாமிக்குக் குழந்தை பிறந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. பிறந்து முப்பத்தொரு நாள் கழிகிற அன்று, பிள்ளைப்பேற்றுத் துடக்கு நீங்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். தொட்டிலைத் தானே செய்து தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். தொட்டிலுக்கு விரல் தடிப்பில் மெல்லிய சட்டங்கள் வேண்டும். அரிந்து முடிகிற ஒவ்வொரு சட்டமும் வாளின் பக்கத்தில் சரிந்து வாய்க்குள் போகப் பார்த்தது. ஒருநாள் ஒன்று போயேவிட்டது. வாள் அதைப் பிடித்துத் திருப்பி எறிந்த வேகத்தில் அது அப்பாவின் காதடியால் பறந்து தகரத்தில் அடித்தது. குசினியிலிருந்து அம்மா அகப்பையோடு ஓடி வந்தார்.

"இஞ்சரப்பா, விரல் என்ன முருங்கைக்காயே, திருப்பிக் காய்க்க? அந்த வாயை மூடிப்போட்டு மெஷினைப் போடுங்கோ."

"வாயை மூடினால் வாள் எதுக்காலை வாறது?"

"அது உங்கட பாடு."

அம்மா மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அதன் அடியிலேயே கதிரை போட்டு இருந்துகொண்டார். மதியம் சோறு பிந்தியது. இதற்கிடையில் மாமி வேறு போன் எடுத்து, "அண்ணை, தொட்டில் வருமோ, இல்லாட்டி நான் சீலையிலை ஏணை கட்டவோ?" என்று கேட்டுச் சிரித்தார். தங்கையிடம் சொன்ன சொல் ஒருபக்கம், சுவிட்சுக்குக் கீழே மனைவி மறுபக்கம். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தது எனக்கு இன்றைக்கும் சிரிப்பாக வருகிறது.

வழி அப்பாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. இரும்புத் தட்டைக் கழற்றி, அதே அளவில் துவாரமில்லாத பலகைத் தட்டு ஒன்று செய்து பொருத்தவேண்டும். வாளை அடிமட்டத்துக்குப் பதித்து, தட்டை அசையாமல் இறுக்கி, மோட்டரைப் போட்டு, வாளை மெல்ல மெல்ல உயர்த்தினால் அது தன் தடிப்புக்கு மட்டும் துவாரத்தை வெட்டிக்கொண்டு மேலே வரும். அதற்குப் பிறகு வாளுக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு கடதாசிகூடப் போகாது, மெல்லிய சட்டங்களும் விழாது.

இதற்காக அப்பா எடுத்தது எங்கள் வளவுப் பலாப்பலகை. நாங்கள் திரும்பி வந்தபோது கூரையில்லாத வீட்டுக்குப் பக்கத்தில் நிழல் தந்துகொண்டு நின்ற மரம் அது. பிறகு ஒருபக்கம் பட்டுப்போனதால் வெட்டினோம். நான் காந்தத்தோடு போனேன்.

"விடு பிள்ளை. இது எங்கட மரமல்லோ" என்றார் அப்பா.

ஊரார் கொண்டுவரும் மரங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடாத மனிதர், சொந்த மரத்தைச் சந்தேகிப்பது ஏதோ மரியாதைக்குறைவு என்று நினைத்திருக்கவேண்டும். தட்டு அழகாக வந்தது. மேசையோடு மட்டமாக இருக்க அடியில் தகரத் துண்டுகள் வைத்து, மேலே குறுக்காக ஒரு தடித்த தீராந்தி மரத்துண்டைப் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கினார். அம்மா சுவிட்சைப் போட்டார். அப்பா கைபிடியைச் சுற்றினார். முதலில் பலாவின் மஞ்சள் தூள் பறந்தது. பிறகு ஒரு கிரீச்சிடல், தீப்பொறி, எதுவோ தகரத்தில் பட்ட சத்தம். அம்மா சுவிட்சை நிறுத்தினார்.

வாளில் ஒரு பல் இல்லை. தட்டின் நடுவில் நெல்லுமணியளவில் இரும்பு மின்னியது. அப்பா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "எங்கட வீட்டுக்கு வந்ததை இது வாங்கி வைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா அன்றைக்கு அவரை ஏசவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்.

வாளுக்குப் பல் வைக்க அப்பா கிளிநொச்சிக்குப் போய்வந்த நாளில், அம்மா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பியிருந்த, மரக்கறி வெட்டுகிற தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகை. கையில் வைத்துக் கத்தியால் அரிந்தே பழகிய அம்மா அதை ஒருநாளும் பாவித்ததில்லை.

"இதுக்குள்ளை செல்துண்டு இராது" என்றார்.

அப்பா அதைத் தட்டிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், சிரித்தார். "கனடாவிலை இருக்கிற கொக்கா கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"வெட்டத்தானே அனுப்பினவா. வெட்டுறம் எண்டு சொல்லுவன்."

பலாவில் செய்த அதே வேலை முழுவதும் வெள்ளைப் பலகையில் மறுபடி நடந்தது. இறுக்கப் போகிற நேரத்தில் அம்மா என்னைப் பார்த்து, "ஒருக்கா ஓட்டிப் பார் பிள்ளை" என்றார்.

"பிளாஸ்ரிக்குக்குமோ?" என்றார் அப்பா.

"உங்கட பலாவுக்கும் இப்பிடித்தானே சொன்னனீங்கள்."

அப்பா தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் காந்தத்தை ஓட்டினேன், எங்கும் இழுக்கவில்லை. வாள் தேங்காய்ப்பூப் போன்ற வெள்ளைத் துருவலைக் கொட்டிக்கொண்டு அந்தத் தட்டுக்குள்ளால் எழும்பி வந்தது. அம்மா கரண்டை நிறுத்திவிட்டு, தன் சின்னவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை. அதன் பிறகுதான் கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். சட்டங்கள் ஓரம் சிலும்பாமல் வழுவழுவென்று வந்தன. ஒவ்வொன்றையும் நான் நான்கு பக்கமும் காந்தம் ஓட்டிய பிறகே அப்பா தொட்டிலில் பூட்டினார். பலாவுக்குப் பிறகு, வேண்டாம் என்று அவர் ஒருதடவையும் சொல்லவில்லை. முப்பத்தொன்று அன்று தொட்டில் மாமி வீட்டில் நின்றது. அந்தப் பிள்ளை, அதாவது என் மச்சாள், அதில் போட்டதும் வீரிட்டு அழுது, மாமியின் சீலை ஏணையில்தான் தூங்கினாள் என்பது வேறு கதை.

அந்தத் தொட்டில் சொந்தக்காரர் வீடுகளெல்லாம் சுற்றி இப்போது என் மகளுக்கு வந்திருக்கிறது. அப்பாவிடம் புது மெஷின் இருக்கிறது, கொம்பனித் தட்டோடு. மரமும் பெரும்பாலும் வெளியிலிருந்து அரிந்தே வருகிறது. வெள்ளைத் தட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. நான் எதையும் இரண்டுமுறை பார்க்கிறவள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், பாணி மருந்தை அளந்துவிட்டு மறுபடி அளப்பேன், அதுவும் சரிதானா என்று பிறகு யோசிப்பேன். தொட்டில் வந்த அன்று சட்டங்களின் இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஆணிகளைத் தடவினேன். பழைய மரம், உள்ளே ஏதாவது இருந்து நாளடைவில் வெளியே வந்தால் என்ற எண்ணம் வந்தது. அப்பாவுக்குப் போன் எடுத்து அந்தக் காந்தத்தைக் கேட்டேன்.

"அது எங்கையெண்டு ஆருக்குப் பிள்ளை தெரியும்? இப்ப ஆர் ஓட்டிப் பாக்கினம்?" என்றார். பிறகு, "ஏன், நீதானே அப்பவே எல்லாச் சட்டத்துக்கும் ஓட்டினனீ" என்றார்.

ஓம், ஓட்டினேன். நான்கு பக்கமும். ஒரு சட்டத்தைக்கூட விடவில்லை. என் வாழ்க்கையில் மறுபடி பார்க்கத் தேவையில்லாத வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மகளைத் தூக்கி அதற்குள் கிடத்தினேன்.