ஏட்டையா விசாரிக்கும் வேதசாட்சிகள்

“பிரேதம் எங்கன கிடந்துச்சு? அதைச் சொல்லும் முதல்ல” என்று கேட்டுவிட்டு ஏட்டையா ராயப்பன் டீயை ஆற்றத் தொடங்குகிறார். எதிரே இருக்கும் உபதேசியார் வியாகப்பன் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அது பச்சைத் தண்ணீராகிவிடும். இன்றைக்கு விசாரணைக்கு வந்திருப்பவர் அர்ச்சியசிஷ்ட லவுரேஞ்சியார் என்ற புனிதர். ரோமாபுரியில் அவரை இரும்புக் கட்டிலில் கிடத்திக் கீழே தீமூட்டிக் கொன்று ஆயிரத்தெழுநூறு வருஷம் ஆகிறது. குற்றாலத்தில் சேக் தாவூதின் டீக்கடையில் அந்தக் கேஸ் இன்னும் முடியவில்லை.

ராயப்பன் தென்காசியிலும் குற்றாலத்திலும் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்; மீசையையும் சந்தேகத்தையும் கொடுக்கவில்லை. மதத்துக்காக உயிர்விட்ட பழைய காலத்துப் பெரியவர்களைக் கத்தோலிக்கர்கள் வேதசாட்சிகள் என்பார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆள் உண்மையிலேயே இருந்தாரா, சொன்னபடிதான் செத்தாரா என்று துருவுவதுதான் இப்போது அவருடைய உத்தியோகம். கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் வியாகப்பன் அத்தனை பேருக்கும் வக்கீல். பாவம், அவருக்குக் கோபமே வராது.

“வெந்துக்கிட்டிருக்கவரு, ‘இந்தப் பக்கம் வெந்தாச்சு, திருப்பிப் போடுங்க’ன்னு சொன்னாராம். தீக்காயக் கேஸ் நான் எத்தனை பாத்திருக்கேன். தண்ணி கேப்பான், இல்ல அம்மாவக் கூப்பிடுவான். இவரு தோசைக்குச் சொல்லுத மாதிரில்லா சொல்லுதாரு.”

பிரான்சு தேசத்து ஆயர் ஒருவரின் கதை இன்னும் மோசமானது. தலையை வெட்டிய பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுதூரம் நடந்தாராம். எந்தத் திசையில் நடந்தார், கண் இல்லாமல் வழி எப்படித் தெரிந்தது என்று ஏட்டையா மடக்கினார். பால் காய்ச்சிக்கொண்டிருந்த தாவூது, தலை கையில் இருந்தால் கண்ணும் கையில்தானே இருக்கும் என்றார். ஏட்டையா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, கேஸை வாய்தா போட்டார்.

தன் பெயருக்குரிய ஏசுவின் சீடர் இராயப்பரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி யாரும் சரியாக இல்லை என்று அவரையும் சந்தேகக் கேஸில்தான் வைத்திருக்கிறார். இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறமாட்டார். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்க்க வாகாக உட்கார்ந்துகொள்வார். அவருடைய மனைவி பிலோமினம்மாளுக்கு இதெல்லாம் பழகிப்போன கூத்து. “வேலைய விட்டு வந்தவருக்கு யாரையாவது அதட்டணும். செத்தவங்கள அதட்டுனா மேலிடத்துக்கு மனு போட மாட்டாங்கல்லா” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார் அந்த அம்மாள்.

நான் சாரல் தொடங்கியதும் தென்காசியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு அருவிக்குப் போகிறவன். குளித்துவிட்டு வந்தால் சூடாக ஒரு டீயும், அதைவிடச் சூடாக ஒரு கொலைக் கேஸும் கிடைக்கும். வருஷா வருஷம் அதற்காகவே போனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

இந்த வருஷம் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஓர் அறிவிப்புச் செய்தார். அர்ச்சியசிஷ்ட பிலோமினம்மாள் என்று ஒரு சின்னப் பெண் வேதசாட்சி உண்டு. அவள் வரலாற்றுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று ரோமாபுரியில் அவள் பெயரைத் திருநாள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே கோயில் மூலையில், கையில் நங்கூரம் பிடித்து நிற்கும் அவளுடைய சுரூபம் அந்த வாரத்தோடு சாமான் அறைக்குப் போகிறது.

கோயிலே திரும்பி ஏட்டையாவைப் பார்த்தது. டீக்கடையில் உபதேசியார் தொங்கிய முகத்தோடு வந்து, உம்ம கட்சிதான் ஜெயிச்சது என்று ஒப்புக்கொண்டார். இன்றைக்கு எல்லாருக்கும் வடை உண்டு என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஏட்டையா டீயைக்கூடத் தொடாமல் எழுந்து வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். தன் பெயர் கொண்ட அந்தப் பெண்ணுக்கு வருஷாவருஷம் மாலை சாத்தி மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர் மனைவியின் வழக்கம். அந்த அம்மாள் அழவில்லை, சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத்தனை வருசமா இல்லாதவ பேரச் சொல்லியா என்னைக் கூப்பிட்டீங்க?”

பெரிய பெரிய ரவுடிகளை மடக்கிய மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ‘பிலோமி’ என்று கூப்பிட வாயெடுத்தால் கூச்சமாக இருந்ததாம். இரண்டு நாள் வீட்டில் ‘இந்தா’, ‘ஏய்’ என்றே ஒப்பேற்றியிருக்கிறார்.

மூன்றாம் நாள் டீக்கடையில் கட்சிகள் இடம் மாறிவிட்டன. ரோமாபுரி சொன்னதைத் தாங்கிப் பேச வேண்டிய நிலைமை உபதேசியாருக்கு. பூமிக்கடியில் இருந்த பழைய கல்லறை ஒன்றில் ஒரு சிறுமியின் எலும்புகள் கிடைத்ததையும், அதை மூடியிருந்த ஓடுகளில் அந்தப் பெயர் துண்டுதுண்டாக, வரிசை மாறி எழுதியிருந்ததையும் சங்கடத்தோடு விளக்கினார். அந்த ஓடுகள் வேறு கல்லறையிலிருந்து எடுத்து வைத்தவையாக இருக்கலாம், ஆகவே பெயர் அவளுடையது என்று உறுதியில்லை என்பது படித்தவர்களின் கட்சியாம்.

“அப்ப எலும்பு இருக்கு?”

“இருக்கு.”

“பொம்பளப் பிள்ள எலும்பு?”

“அப்படித்தான் சொல்லுதாங்க.”

“என்ன வே இது. இத்தனை நாளா நான் கேட்ட ஆளுக்கெல்லாம் நீரு கதையத்தான் காட்டுனீரு, பிரேதத்தக் காட்டல. இங்கன பிரேதமே கிடைச்சிருக்கு. பேருலதான தகராறு?”

பெயரே தெரியாவிட்டால் யாரென்று கும்பிடுவது என்று உபதேசியார் மெல்லக் கேட்டார்.

ஏட்டையா குரலை உயர்த்தவில்லை. “இந்த அருவியில அடிச்சுட்டு வந்து நான் தூக்குன பிரேதத்துல பாதிக்குப் பேரு கிடையாது. ‘அடையாளம் தெரியாத பெண்’னு எழுதுவோம். அப்படி ஒரு பெண்ணே கிடையாதுன்னு எந்த இன்ஸ்பெக்டரும் எழுதச் சொன்னதில்ல வே.”

தாவூது அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டார். உபதேசியாரோ தோற்றுப்போனதில் அப்படிச் சந்தோஷப்பட்டு, எழுந்து ஏட்டையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாமியாரிடம் ஏட்டையா சண்டைக்குப் போகவில்லை. சுரூபத்தைத் தரும்படி கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கோயிலில் வைக்கத்தான் தடை, வீட்டில் வைத்துக் கும்பிடுவதை நான் ஏன் கேட்கப்போகிறேன் என்று சாமியாரும் நல்லபடியாகவே சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கோயில் வாசலில் குதிரைவண்டி நின்றது. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு பிலோமினம்மாள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஏட்டையாவும் உபதேசியாருமாகச் சுரூபத்தைத் தூக்கிவந்து அந்த அம்மாளின் மடியில் சாய்த்தார்கள்.

“பிடிச்சுக்கோ பிலோமி” என்றார் ஏட்டையா.

அந்த நேரம் பார்த்துச் சாரல் இறங்கியது. நனைந்தால் சுண்ணாம்புச் சுரூபம் கரைந்துவிடும். தோளில் கிடந்த துண்டை உதறி, ஏட்டையா அதன் பாதத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தார். அருவிக்கரையில் எத்தனையோ பேரை முகத்தோடு சேர்த்து மூடிய கை அது. இங்கே கழுத்தோடு நின்றது. துண்டின் ஓரத்தை நங்கூரத்துக்கு அடியில் செருகிவிட்டு, அந்தச் சின்ன நெற்றியில் விழுந்திருந்த துளியைக் கட்டைவிரலால் துடைத்தார்.