துரைசானியின் மாமியார்

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியான என் மூத்த ஓர்ப்படிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது நான் கல்கத்தாவுக்குக் குடித்தனம் பண்ண வந்த அன்றே தெரிந்துவிட்டது. ஹவுராவில் என்னை அழைக்க மாமியாரோடு அவளும் வந்திருந்தாள். குதிரை வண்டி பாலத்தைத் தாண்டியதிலிருந்து கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் பெருமையடிக்கிறாள் என்று நினைத்துக் கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுத்தைக் கண்டால் அவளால் சும்மா இருக்க முடியாது என்று பிறகுதான் புரிந்தது. அவள் அப்பா திருச்சியில் வாத்தியார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

பவானிபூரில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் மாடியில் எங்கள் குடித்தனம். கூடமும் சமையலறையும் போக இரண்டே அறைகள். வாசல் அறையில் அண்ணனும் தம்பியுமாக எங்கள் வீட்டு ஆண்கள் இருவர். உள் அறையில் மாமியாரும் நாங்கள் இரண்டு மருமகள்களும். பெரியவர்கள் எதிரில் பெண்டாட்டி புருஷனிடம் நேராகப் பேசக் கூடாது என்பது அந்த நாளைய சட்டம். மாமியார் எதிரில் இல்லாத இடம் அந்த வீட்டில் கிடையாது. நானாவது மாடிப்படியில் என் வீட்டுக்காரரை மடக்கிப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவேன். எனக்கு வாய் நீளம். என் ஓர்ப்படிக்கு அது வராது. "சாதம் ஆறிப் போறது" என்று தூணைப் பார்த்துச் சொல்லுவாள். பெரியவர், அதாவது அவள் புருஷர், வந்து உட்காருவார். "மோர் போதும்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். இவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஜோசியம் பார்த்தார்கள். வீட்டில் எத்தனை அறை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இது போதாதென்று கோடை வந்தால் பெரியவரின் ஆபீஸ் தார்ஜீலிங் மலைக்குப் போய்விடும். துரைமார்களுக்கு வெயில் ஆகாது. அவர்களுடைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தாக்களும் போகவேண்டும். வங்காளிகள் சிலர் குடும்பத்தையும் அழைத்துப் போனார்கள். பெரியவர் தனியாகத்தான் போவார். அங்கிருந்து அம்மாவுக்குக் கடிதம் வரும். கடைசி வரியில் "யாவரும் க்ஷேமம் என நம்புகிறேன்" என்று இருக்கும். அந்த "யாவரும்" என்ற சொல்லுக்குள்தான் என் ஓர்ப்படி இருந்தாள்.

அவளுக்கு அவரோடு போகவேண்டும் என்று கொள்ளை ஆசை. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது என்னிடம் சொல்லியிருக்கிறாள். "மலையைப் பாக்கணும்டி. அவரோட நடந்து போய்ப் பாக்கணும்." குளிரில் ஸ்நானம், ஈரப் புடவை, மடி ஆசாரம் என்றெல்லாம் மாமியார் தடுப்பார் என்பது வீட்டில் எல்லாருடைய முடிவு. அதனால் பெரியவர் கேட்கவே இல்லை. ஆபீஸில் அவருக்குப் பெரிய பெயர். அம்மா எதிரில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியிருந்த ஒரு வருஷம், கோடை தொடங்குவதற்கு முன்னால், நாங்கள் பௌதி, அதாவது மன்னி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் தன் புருஷர் அலமாரியிலிருந்து ஓர் இங்கிலீஷ் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் ஓர்ப்படி மத்தியான வேளையில் அதை வாசித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். விக்டோரியா மகாராணி இளவயசில் இருந்த காலத்துக் கதை. ஒரு துரைசானி பனிமலைகளில் ஏறுகிறாள். இடுப்பில் கயிறு, கையில் பனியை வெட்டும் கோடரி. தரையைப் பெருக்கும் பாவாடையோடு பனியில் ஏற முடியுமா? கடைசிக் கிராமத்தைத் தாண்டியதும் பாவாடையை அவிழ்த்து ஒரு பாறைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, ஆண்பிள்ளை மாதிரி கால்சட்டையோடு ஏறுகிறாள்.

இந்த இடத்தில் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை உடனே எடுத்தும்விட்டார்.

"எதுக்குடி அந்தக் கண்ராவி? ஒன்பது கஜத்தை நம்மளாட்டம் கச்சம் வெச்சுக் கட்டினா மலையும் ஏறலாம், மரமும் ஏறலாமே!"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் வாஸ்தவம்தான். அன்றைக்கு எங்கள் மடிசாரைக் குனிந்து பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

கதையில் அந்தத் துரைசானிக்கு ஒரு மலையேறித் துரையோடு காதல் உண்டாகிறது. நிச்சயமும் ஆகிறது. ஆனதும் அவன் சொல்லுகிறான்: "இனிமேல் நான் ஏறுகிறேன். நீ கீழே ஹோட்டலில் இருந்துகொண்டு தூரதிருஷ்டிக் கண்ணாடியில் என்னைப் பார்." மலையை விடுவாளா, மனிதனை விடுவாளா என்று எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமியார் ஜபமாலையை உருட்டிக்கொண்டே "அப்புறம்?" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வாசல் அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தார்ஜீலிங் பயணம். கதவு திறந்திருந்தது. என் ஓர்ப்படி புத்தகத்தைப் பிரித்து, வழக்கத்தைவிடச் சற்று உரக்கவே ஆரம்பித்தாள்.

"துரைசானி சொல்றா: ‘ஒவ்வொரு வருஷமும் நீங்க மலைக்குப் போறேள். நான் கீழே நின்னுண்டு கண்ணாடியிலே உங்க தொப்பியைத் தேடறேன். உங்க தொப்பி எனக்கு நன்னாத் தெரியும். உங்களைத்தான் தெரியாது.’"

நிச்சயமாகி ஒரு மாசம்கூட ஆகாதவளுக்கு ‘ஒவ்வொரு வருஷமும்’ எங்கிருந்து வந்தது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவள் விரல் வைத்திருந்த பக்கத்தில் எழுத்தே கிடையாது. முழுப்பக்கப் படம். ஒரு மலை, அடிவாரத்தில் இரண்டு ஆடுகள்.

என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. அதில் அது ஒன்று.

வாசல் அறையில் பேப்பர் சலசலப்பு நின்றது. பெரியவரின் குரல் மட்டும் வந்தது. "அந்தத் துரை என்னம்மா பண்ணுவான், பாவம்? ஆத்திலே பெரியவா என்ன சொல்லுவாளோன்னு பயமா இருக்காதா?"

மாமியார் நிமிர்ந்தார். "ஏண்டி, அந்தத் துரைசானிக்கு மாமியார் உண்டா என்ன?"

"உண்டும்மா" என்றாள் என் ஓர்ப்படி, ஆடுகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்ப நல்லவர். அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்."

அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அவள் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. கதைக்குள்ளேயே மாமியாருக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள்! பனியில் கோடரி போட்டு ஏறிய எந்தத் துரைசானிக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாதவர்தான், ஆனால் அவரை யாரும் ஏமாற்றிவிட முடியாது. உருட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைத்தார்.

"கேட்டாத்தானே தெரியும்? அந்தத் துரை வாயிலே என்ன கொழுக்கட்டையா?"

பெரியவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இந்த வருஷம் தார்ஜீலிங்குக்கு… அழைச்சிண்டு போகலாமான்னு…"

"யாரை?"

"உன் மாட்டுப்பொண்ணை."

"எனக்கு ரெண்டு மாட்டுப்பொண்ணு. எவளை?"

அந்தக் கிழவியை அந்த நிமிஷத்தில் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. பெரியவர் தூணைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என் ஓர்ப்படியை நேராகப் பார்த்து, "இவளை" என்றார்.

"போயிட்டு வாங்கோ. கம்பளிக்கு விழுப்பு, தீட்டு ஒண்ணும் கிடையாது, எப்பவும் மடிதான். ரெண்டு கம்பளி வாங்கிக் கொடு. வெந்நீர்லே குளிக்கட்டும், தோஷமில்லை" என்றார் மாமியார். இத்தனை வருஷமாக வீடே பயந்துகொண்டிருந்த ஆசாரம் கம்பளியோடும் வெந்நீரோடும் முடிந்துபோயிற்று. பிறகு அதட்டலாக, "அழாதே, மேலே படி. அந்தத் துரைசானி போனாளா இல்லையா?" என்று கேட்டார். என் ஓர்ப்படி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த வாரம் இருவரும் சியால்டாவில் ரயிலேறினார்கள். அந்தக் கோடையில் வந்த கடிதங்களெல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தன. மாமியாருக்கு நான்தான் படித்துக் காட்டுவேன்.

மழை விட்டபின் திரும்பி வந்தார்கள். கன்னமெல்லாம் சிவந்து, ஒரு சுற்றுப் பருத்து வந்தாள். அவளை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், "மலை எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"மலையா? பாதி நாள் மேகம்டி. கண்ணுக்கே படல்லே. ஆனா சாயங்காலம் சாயங்காலம் நடப்போம். அவர் சின்ன வயசிலே தெருக்கூத்துப் பாக்க ராத்திரி சுவரேறிக் குதிச்சிருக்காராம், தெரியுமோ உனக்கு? ஏத்தத்திலே மூச்சு வாங்கும், அப்பவும் நிறுத்த மாட்டார். பேசிண்டே வருவார்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து என் ஓர்ப்படியின் குரல் கணீரென்று வந்தது.

"ஏன்னா, சாப்பிட வாங்கோ!"

நான் சட்டென்று மாமியார் முகத்தைப் பார்த்தேன். உள்ளே அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பெரியவர் பாதி மாட்டிய சட்டையோடு வாசல் அறையில் நின்றார்.

மாமியார் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ கூப்பிடறது காதிலே விழல்லையாடா?" என்றார். "போய்ச் சாப்பிடு."