மசிப்பதற்கு வேறு பெயர்

எண்பதுகளில் ஓசூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் நானும் அவனும் தற்காலிகத் தொழிலாளர்கள். ஒரே வயது, ஒரே மெஷின். நான் டிப்ளமோ படித்தவன். அவன் பக்கத்துக் கிராமமான பேரிகையில் தக்காளி போட்டு நொடித்துப்போய் வந்தவன். நிரந்தர வேலை ஒரே ஓர் ஆளுக்குத்தான் இருந்தது.

கட்டை மாதிரி விறைத்த ரப்பரை, எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு இளக வைக்க வேண்டும். இளக்கம் குறைந்தால் அதில் கலக்கும் கரிப்பொடி சேராது; கூடினால் செய்கிற பொருளில் வலுவிருக்காது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நான் கெடுத்ததுதான் அதிகம். அவன் ஒரு துண்டை வெட்டி, பெருவிரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவான். தப்பியதே இல்லை.

அந்த வேலைக்கு ஆளெடுக்கப் பெங்களூரிலிருந்து வந்த அதிகாரி எங்கள் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்து, முதலில் அவனிடம் கேட்டார்.

"இந்த வேலைக்குப் பேரென்ன?"

"மசிக்கறதுங்க சார். வெறப்பு போயி கைக்கு அடங்கற வரைக்கும் உடணும்."

"மசிக்கறதுக்கு இதென்ன கீரையா? டெக்னிகல் வேர்டு சொல்லுப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டிகேஷன், சார்."

வேலை எனக்கு.

அந்த அதிகாரியை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகொரு நாள் அகராதியைப் புரட்டினேன். மாஸ்டிகேஷன் என்றால் மெல்லுவதாம், சோற்றை வாயில் போட்டு மெல்லுவது! மென்றால் டெக்னிகல், மசித்தால் கீரையா? படித்த திமிர், வேறென்ன. அதில் எனக்கும் பங்குண்டு. "அவன் சொன்னதும் அதேதான் சார்" என்று சொல்லாமல் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

வெளியே வந்ததும் அவன், "உடுப்பா, உனக்காச்சும் கெடைச்சுதே" என்றான். பாவி, நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நிரந்தரமான பிறகும் நான் ரப்பரைக் கெடுத்துக்கொண்டுதான் இருந்தேன். தற்காலிகமாகவே தொடர்ந்த அவன்தான், என் விரலைப் பிடித்துத் துண்டின் மேல் வைத்து, "இப்ப வெரல எதுத்துத் தள்ளுது பாரு. இன்னும் நாலு தடவ உடு. ஆங், இப்ப எடு" என்று சொல்லித் தந்தான். எதையும் ஒளிக்கவில்லை. இரண்டே மாதத்தில் என் விரலுக்கும் அது பிடிபட்டது.

ஒரு சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, "இனிமே நீ தனியா பாத்துக்குவியா?" என்று கேட்டார்.

"பாத்துக்குவேன் சார்" என்றேன், மார்தட்டாத குறையாக.

மறுநாள் காலை கேட்டில் அவனை நிறுத்தி, பாஸை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே ஆள் தேறிவிட்டதாம், இனி அவன் வேண்டாமாம்.