அம்பிட்டிய ஏற்றத்தில் ஒரு சாதனை

விதி ஒன்பது: எழுபது வயதைக் கடந்த போட்டியாளர், வாகன உதவி எதுவுமின்றி முப்பது கிலோமீற்றரை ஒரே தடவையில் ஓடி, கைக்கடிகாரப் பதிவை அனுப்பிய பின்னரே மரதன் ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவார். நோர்வேயில் நான் குடியிருக்கும் நகரத்தின் விதி இது. குறை சொல்ல இடமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கிழவனைக் கண்டியில் எந்த பஸ்ஸும் சும்மா விட்டுப் போகாது என்பதை மட்டும் அதை எழுதியவர்கள் அறிந்திருக்கவில்லை.

ஒரு காலத்தில் நான் கந்தோரில் கோப்புகள் தள்ளிக்கொண்டிருந்த கண்டிக்கு இம்முறை மாணவனாக வந்திருக்கிறேன். ஓய்வுபெற்றபின் நோர்வேயில் முதுமாணிப் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டங்களை விட்டு நகர வேலைகளுக்கு வந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. காலையில் ஓட்டம், பகலில் கலகெதர, கடுகண்ணாவ என்று பஸ்ஸேறி நேர்காணல், மாலையில் எழுத்து. பேராசிரியர் அத்தியாயம் கேட்டார், முழங்கால் ஓய்வு கேட்டது. இருவருக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதிலைக் கொடுத்து வந்தேன்.

பதிவை அனுப்பக் கடைசி நாள். விடியற்காலையில் ஏரியைச் சுற்றிவிட்டு அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தேன். தலாத்துஓயா போகும் பஸ் ஒன்று என்னைக் கடந்து போய் நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கினார்.

"ஐயா, ஏறுங்க! இந்த வயசுல இப்புடி ஓடி வரணுமா? ஒரு கைய காட்டுனா நிப்பாட்ட மாட்டோமா?"

"இல்லை தம்பி, நான் சும்மா ஓடுகிறேன்."

"சும்மா யாராச்சும் ஓடுவாங்களா? ஏறுங்க, காசு வேணாம்."

மறுக்க மூச்சில்லை. கை பிடித்து ஏற்றிவிட்டார்கள். முன் இருக்கையிலிருந்த அம்மா எழுந்து இடம் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்கா அண்ணே? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒன்றுமில்லை."

"சொல்ல மனசு வரல போல. தண்ணி குடிங்க, எல்லாம் சரியாகும்."

நோர்வேயில் ஒரு குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்தேன். ஒரு பெண் நின்று, உதவி தேவையா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். நம்பிவிட்டுப் போய்விட்டார். அதுதான் அங்கே மரியாதை. இங்கே நான் சொன்ன எதையும் ஒருவரும் நம்பவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தேன். "ஐயாவுக்கு உசுரு வந்திருச்சு" என்றார் கண்டக்டர்.

ஒருவழியாக இறங்கி மிச்சத் தூரத்தை ஓடி முடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தால், பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில்தான் என் உச்ச வேகம் பதிவாகியிருந்தது. இளம் சாம்பியன்களும் வெட்கப்படும் வேகம். அந்தத் துண்டை வெட்டி எறியலாம் என்று பேரன் தொலைபேசியில் யோசனை சொன்னான். ஆவணத்தைத் திருத்துவதற்கும் விளக்கம் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. பதிவை உள்ளபடியே அனுப்பி, விளக்கமும் சாட்சியமும் பின்னர் வரும் என்று அறிவித்தேன்.

மறுநாள் பஸ் நிலையத்தில் கண்டக்டரைத் தேடிப் பிடித்தேன். பெயர் ரவி. அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். என் ஆய்வுக்குத் தேடிய ஆள், என்னைத் தேடி வந்து பிடித்து ஏற்றியிருக்கிறார்! நேர்காணலின் முடிவில் சாட்சியமும் தந்தார்:

"ஐயா ஓடித்தான் வந்தாரு. நாங்கதான் புடிச்சு ஏத்துனோம். அவரு மேல ஒரு பிழையும் இல்ல. ஓட விடுங்க சார், பாவம்."

அதை நோர்வேஜிய மொழியில் பெயர்த்தேன். கடைசி வார்த்தைக்கு அங்கே சரியான சொல் கிடைக்காமல் அப்படியே விட்டு, அடிக்குறிப்பு எழுதினேன். பிறகு காத்திருந்தேன். எழுபத்திரண்டு வயதில், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவ்வளவு எளிதான யோசனையல்ல. ஆனாலும் தினமும் ஓடினேன். பஸ்கள் ஹோர்ன் அடித்து நலம் விசாரித்தன.

பதில் வந்தது: "பேருந்தில் சென்ற தூரம் கழிக்கப்படுகிறது. மிச்சத் தூரம் போதுமானதெனக் கருதி, விசேட அனுமதி வழங்கப்படுகிறது. உங்களை வரவேற்கிறோம்." கோப்புத் தள்ளிய பழக்கத்தில் கடிதத்தில் இட்டிருந்த நாளைப் பார்த்தேன்: அங்கே சாதாரண வேலை நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கே பொசன் போயா, பௌர்ணமி விடுமுறை, கந்தோர்களெல்லாம் பூட்டியிருந்தன.