தலைவருக்கு மேல் மூன்று பூச்சு

நீலாவதி மாளிகை கேட்கவில்லை. கால் வைத்தால் வழுக்காத ஓர் அடுப்படித் தரை கேட்டாள். பதினொரு வருடமாகக் கேட்டாள். கேட்டதும் யாரிடமோ எவரிடமோ அல்ல. ரந்தாவ் டவுனுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் வீரமுத்துவிடம். தலைவர் அவளுக்குக் கணவரும் ஆவார். அதனால் மனு நேராக மேலிடத்துக்கே போய்விட்டது. போனது அங்கேயே தங்கியும் விட்டது.

தலைவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தோட்டத்து ஆபீசுக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்குக்கும் நகல் எடுத்து, துளை போட்டு, கோப்பில் கோத்து வைத்தார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி "அடுத்த மாசம் பாப்போம்" என்றதைக்கூடத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரைக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியவில்லை. அது பாட்டுக்கு வெடித்து, மழைக்கு ஈரம் கசிந்து, பாசி பிடித்துக்கொண்டிருந்தது.

மூடியாவது வைப்போம் என்று நீலாவதி பாசாரில் திக்கார் கெத்தா வாங்கி விரித்தாள். ரப்பர் பாய்தான்; கடையில் சுருட்டி நிறுத்தியிருக்கும்போது பார்க்க மகா அழகு. வீட்டில் அடியில் ஈரம் கோத்து உப்பியது. ஒருநாள் காலை பாய் ஒரு பக்கம் போக, நீலாவதி இன்னொரு பக்கம் போனாள். வலது மணிக்கட்டு உடைந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். "இன்னொரு தடவ விழுந்தா இந்தக் கை ஒங்களுக்கு ஒதவாதும்மா" என்றார் டாக்டர். பள்ளிக்கூடக் கேன்டீனில் தினம் இருநூறு பிள்ளைகளுக்கு மீ நூடுல்ஸ் பிரட்டுகிற கை அது. டாக்டர் சொன்னபோது வீரமுத்துவும் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் கைப்பேசியில் திருவிழாப் பந்தல்காரன் இருந்தான்.

கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஆறு வாரத்தில்தான் நீலாவதி அந்த வீடியோவைப் பார்த்தாள். ஏதோ குளிர் நாட்டில் ஒரு வெள்ளைக்காரி தடித்த துணிக்குப் பெயிண்ட் அடித்து, வார்னிஷ் பூசி, அடுப்படியில் விரித்து, அதன்மேல் குதித்துக் காட்டினாள். விழவில்லை. நீலாவதி அதை ஏழு தடவை பார்த்தாள்.

தடித்த துணிக்கு எங்கே போவது? வேறெங்கும் போக வேண்டாம். கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. போன வருடத் தீமிதித் திருவிழாப் பேனர். பத்தடிக்கு எட்டடி. வருடா வருடம் பேனர்களைச் சுருட்டி வரலாறாகச் சேர்த்து வைப்பது தலைவரின் வழக்கம். சேர்ப்பது அவர் வேலை, கட்டிலுக்கு அடியில் குனிந்து கூட்டுவது அவள் வேலை. ஆகவே வரலாற்றில் ஒன்று குறைந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

பேனரில் மாரியம்மன் மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுந்தருளியிருந்தாள். நடுவில் வீரமுத்து, மாலையும் தங்கக் கடிகாரமுமாய், கைகூப்பி, ஏறக்குறைய ஆளுயரத்துக்கு நின்றார். கீழே செயலவை உறுப்பினர்கள் தபால்தலை அளவில் வரிசையாக இருந்தார்கள். மேலே "வருக! வருக! தீ மிதிக்க வருக!" என்று எழுதியிருந்தது. தலைவர் தீ மிதித்ததில்லை. மிதிக்க வருபவர்களை வரிசையில் நிறுத்தவே இத்தனை வருடமாக அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது.

நீலாவதி குளித்துவிட்டு வந்து கத்தரிக்கோல் எடுத்தாள். கிரீடத்தில் ஒரு நூல்கூடப் படாமல் அம்மனை வெட்டி எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கோயில் சாமான் அறையில் கொண்டு போய் வைத்தாள். தெய்வம் பத்திரம். மிச்சமிருந்தது தலைவர்.

அங்கேதான் அவள் தயங்கினாள். கட்டிய புருஷன் முகத்தைப் போட்டு மிதிப்பதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் விடிந்ததும் பாசியில் கால் சறுக்கி, அடுப்பு மேடையைப் பிடித்துத் தப்பினாள். யோசனை அத்துடன் முடிந்தது.

வீரமுத்து தொழிற்சாலைக் காவலுக்குப் போனதும், பேனரைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் யாருமில்லாமல் சும்மா கிடக்கும் பழைய ஆயாக் கொட்டகைக்குப் போவாள். முகம் கீழே, முதுகு மேலே. வழவழப்புப் போகச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தாள். காய்ந்ததும் உப்புத்தாளால் உரசினாள், இடது கையால். பிடிப்புக்கு அடிப்பூச்சு வேண்டும் என்று ரந்தாவுக்குப் போனபோது, பெயிண்டு, ஆணி விற்கிற வன்பொருள் கடையின் சீன முதலாளி தவுக்கே பரிதாபப்பட்டார்.

"அன்ட்டி, திக்கார் கெத்தா இருக்கு. மூரா லா, வெல கொறைவு. ஏன் இந்த சூசா, கஷ்டம்?"

"திக்கார் கெத்தாதான் தவுக்கே கைய ஒடைச்சிச்சு," என்றாள். அவர் டின்னை எடுத்துக் கொடுத்தார்.

அடிப்பூச்சு ஒன்று, வெள்ளை இரண்டு. ஆக மூன்று பூச்சில் தலைவர் நன்றாக அடங்கினார். என்ன வரைவது என்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. தாமரை வரைந்தால் லட்சுமி உட்காருகிற இடம். மயில் முருகனுடையது. குத்துவிளக்கை மிதிக்க முடியுமா? சங்கு, மாவிலை, கலசம் எதுவும் ஆகாது. கால் படக்கூடாதவற்றைக் கழித்துக்கொண்டே வந்தால் நம்மவர்களுக்கு வரைய மிஞ்சுவது கட்டம்தான். சரி, கட்டமே போட்டாள். கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய கிளிப்பச்சை, செங்கல் சிவப்பு, முனியாண்டி சிலையின் மீசைக்கு வாங்கிய கறுப்பு எல்லாம் வேலைக்கு வந்தன. கடைசி வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினாள். அது வெள்ளைக்காரி வீடியோவில் இல்லாதது. வெள்ளைக்காரிக்குப் பாசி இல்லை.

விரித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டிய அன்று அவள் வெறுங்காலோடு அதன்மேல் நின்று பார்த்தாள். சொரசொரவென்று பாதத்தைப் பிடித்துக்கொண்டது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக எதையும் பிடித்துக்கொள்ளாமல் அடுப்பிலிருந்து தொட்டி வரை நடந்தாள். சந்தோஷத்தில் திரும்பியும் ஒருமுறை நடந்தாள்.

வீரமுத்துவுக்கும் பிடித்திருந்தது. "நல்லாருக்கே" என்றார் முதல் நாள். "நான்தான் சொன்னேன்ல" என்றார் மூன்றாம் நாள். ஒரு வாரத்தில் அது முழுக்க அவர் யோசனையாகிவிட்டது. அதன்மேல் நின்றுதான் தினம் குச்சியால் பல் குத்துவார்.

விரித்து நான்காவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செயலவைக் கூட்டம். செயலாளர் தர்மராஜும் துணைத் தலைவர் முருகையாவும் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன் தலைவர் அவர்களை அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

"ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருந்தா ஆவுமா? நம்மளே செய்யணும். இவளுக்கு நான்தான் ஐடியா குடுத்தேன். துணி எம்புட்டுத் தடிப்பு பாருங்க லா," என்று குனிந்து ஒரு மூலையைத் தூக்கினார்.

மூலைக்கு அடியில் ஒரு கால்சட்டை தெரிந்தது. பழகிய கால்சட்டை. இன்னும் கொஞ்சம் தூக்கினார். கூப்பிய கைகள், தங்கக் கடிகாரம். ஓரத்து டேப் கிழிய மொத்தத்தையும் புரட்டிப் போட்டார். தலைவர் தலைவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கட்டுன புருஷன்டி நானு! ஒரு மாசமா என் மூஞ்சி மேலயா நடந்துக்கிட்டு இருக்க?"

"நீங்களுந்தாங்க நடந்தீங்க," என்றாள் நீலாவதி.

அதற்குள் தர்மராஜ் தொட்டிப் பக்கம் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார். முருகையா குந்தி உட்கார்ந்து வரிசை முழுக்கத் தேடினார். "என்னையக் காணோமே?"

"நீங்க ஓரமா வந்துட்டீங்கண்ணே. வெட்டுன துண்டக் கோழிக் கூண்டுக்கு மேல போட்டுட்டேன்."

முருகையாவின் முகம் தொங்கிப் போனது. மிதிபட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பார், விட்டுப்போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீரமுத்து துணியைச் சுருட்டிக் கூடத்து மூலையில் நிறுத்தினார். "இனிமே இது தரைக்குப் போவாது. இதான் முடிவு."

நீலாவதி செயலவை முன்னால் அழுவதில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரிங்க. அப்ப கூட்டத்துக்கு நீங்களே தேத்தண்ணி கலக்கி எடுத்துட்டு வாங்க. அந்தத் தரையில நான் கால் வைக்க மாட்டேன். இன்னொரு தடவ விழுந்தா எனக்குக் கை இல்ல."

விருந்தாளிகளை வைத்துக்கொண்டு தலைவர் என்ன செய்வார்? எழுந்து போனார். ஒரு மாதம் மூடிக் கிடந்த சிமெண்டு மழைக்கு நன்றாக ஊறியிருந்தது. முதல் எட்டிலேயே குதிகால் சறுக்கியது. அலமாரியைப் பிடித்தார், சீனி டின் உருண்டது. அப்புறம் சுவரைத் தடவித் தடவி, கால் விரல்களை மடக்கி ஊன்றி நடந்தார். கூடத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தீக்குழியில் இறங்குகிற பக்தர்கள்கூட இவ்வளவு பயந்து கால் வைத்ததில்லை. கொதிக்கிற தேத்தண்ணீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கோப்பைகளில் பாதிதான் இருந்தது.

தட்டை வைத்தார். நீலாவதியின் மணிக்கட்டுத் தழும்பை, ஏதோ இன்றுதான் போட்டது போலப் பார்த்தார்.

"தெனமும் இப்படித்தான் நடந்தியா?"

"பதினொரு வருஷமா."

அவர் கடித நகல் கோத்த கோப்பைத் தேடவில்லை. எழுந்து போய்ச் சுருட்டலைத் தூக்கி வந்து அடுப்படியில் விரித்தார். கட்டம் மேலே, முகம் கீழே. முட்டிபோட்டு நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தினார். எழுந்து, கணக்குப் பார்த்தால் தன் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

"தர்மராஜு, அடுத்த வருஷம் பேனர்ல என் படத்த இன்னும் பெருசா போடச் சொல்லு லா," என்றார். "குளியலறைத் தரை இதவிட மோசம்."

நீலாவதி கைவலிக்க வலிக்கச் சிரித்தாள். ஆபீசிலிருந்து புதுச் சிமெண்டு இன்றுவரை வரவில்லை. ஐந்தாவது கடிதத்தின் நகல் மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.