அம்மன் கேட்ட அறிவியல் பாடம்

போன வருஷம் தசரா லீவு முடிந்த வாரம், என் மகள் காவ்யா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல. துணிக்கடையில வேலைக்குப் போறேன்" என்றாள். பத்தாவது படிக்கிற பிள்ளை. லீவுக்கு முன்னால் நடந்த அரையாண்டுப் பரீட்சையில் அறிவியலில் ஃபெயில்.

படிக்காமல் ஊர் சுற்றினால் திட்டலாம். இவளோ எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தாள். எதுவும் மனதில் நிற்கவில்லை. "எனக்கு மூளையே இல்லப்பா" என்று அழுதாள்.

நான் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். எட்டாவதோடு நின்றவன். அவளுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்? மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், அடுகோடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் நின்றேன். "தாயே, பொண்ணு படிப்பை விட்டுடக் கூடாது. எனக்கு வழி தெரியல. நீதான் சொல்லணும்" என்று வேண்டினேன். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. பூசாரி என் கையில் விபூதியைக் கொடுத்தார்.

அந்த வாரமே பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அறிவியல் மேடத்துக்குக் கன்னடம்தான். என்னுடையது டிரைவர் கன்னடம். வலது, இடது, சில்லறை இல்லை, அதோடு சரி. மேடம் நிறையச் சொன்னார். எனக்குக் கடைசியில் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது: "மனேலி ஓதிஸி சார். தினா ஓதிஸி."

வீட்டில் தினமும் ஓத வையுங்கள் என்கிறார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் சொந்த ஊர் முருகன் கோயிலில் காலையில் ஓதுவார் சாமி முன்னால் நின்று கணீரென்று பாடுவார். பாடத்தையும் அப்படி ஓத வேண்டும் போலிருக்கிறது, அம்மன் வழி காட்டிவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே விளக்கேற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் காவ்யாவை உட்கார வைத்தேன். சாமிக்கு முன்னால் எதற்கு என்று அவள் போனையும் வாங்கி அணைத்து வைத்தேன்.

"அப்பா, சயின்ஸ் புக்க யாராவது சாமிக்கு ஓதுவாங்களா?"

"மேடமே சொல்லிட்டாங்க கண்ணு. அம்மனுக்குக் கேக்குற மாதிரி ஓது."

சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தாள். நான் கையைக் கூப்பியபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. "அம்மனுக்கு இங்கிலீஷ் வருமோ வராதோ. தமிழ்ல சொல்லு" என்றேன்.

அங்கேதான் திணறினாள். வாசித்தது அவளுக்கே புரியவில்லை. புத்தகத்தை மறுபடி பார்த்தாள், யோசித்தாள், சோறு வயிற்றில் எப்படிச் செரிக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி லட்சுமி, "ஏண்டி, வயித்துக்குள்ள ஆசிட் இருந்தா வயிறு வெந்துடாதா?" என்று கேட்டாள். காவ்யா அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். மறுநாள் மேடத்திடம் கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "உள்ள ஒரு வழவழப்பு இருக்கும்மா, அது காப்பாத்துது." அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அதற்கப்புறம் தினமும் விளக்கு, தினமும் பாடம். லட்சுமியின் கேள்விகளுக்குப் பயந்தே அவள் முன்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். துணிக்கடைப் பேச்சு காற்றோடு போயிற்று.

அம்மன் அருளால் பப்ளிக் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் பாஸ். அறிவியலில்தான் அதிக மார்க். இனிப்பு வாங்கிக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனோம். "நீங்க ஓதச் சொன்னீங்க மேடம், அம்மன் முன்னால தினமும் ஓத வெச்சேன்" என்று கை கூப்பினேன். மேடம் விழித்தார். காவ்யா கன்னடத்தில் விளக்க விளக்க, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்ததும், மேடம் ஏன் அப்படிச் சிரித்தார் என்று காவ்யாவிடம் கேட்டேன். "அப்பா, கன்னடத்துல ஓதுன்னா படின்னு அர்த்தம். வீட்ல படிக்க வைங்கன்னுதான் சொன்னாங்க."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். படி படி என்று நாங்கள் சொல்லாத நாளா? அந்த வார்த்தையை என் காதில் வேறு மாதிரி விழ வைத்தது யார்? என் தாய்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது காவ்யா பி.யூ.சி., அதாவது பதினொன்றாவது, சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் சாயங்காலம், "இனிமே உன் இஷ்டப்படி படிச்சுக்கோ கண்ணு" என்றேன். அவளே விளக்கை ஏற்றினாள். போனை அணைத்து என் கையில் கொடுத்தாள். "உக்காருங்கப்பா. அம்மா, நீயும் வா. கேக்க ஆள் வேணும்ல?" என்றாள்.

பிள்ளை படிப்பை நினைத்துக் கலங்கும் பெற்றோரே, அம்மனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நிச்சயம் பதில் சொல்வாள். எந்த பாஷையில் சொல்வாள் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.